கதவு சாத்திய கராஜில் ஒரு பனிவண்டி

நம் வயதுக்காரர்கள் நாலுபேர் ஓரிடத்தில் கூடினால் முதலில் முழங்கால் வலி, அடுத்தது கொலஸ்ட்ரோல், தேத்தண்ணி வந்ததும் மொன்றியலின் பழைய குளிர். அந்தக் குளிர் இப்போது எங்கே என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்தது, தேவாலயத்து நிலவறையில் பொறுக்கிய கோட்டு ஆம்பிளைக் கோட்டாய் இருந்தது, எல்லாமே இப்போது சிரிப்புக் கதைகள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவள்தான். ஆனால் எனக்கு அந்த முதல் பனிக்காலம் என்றால் ஒரே ஒரு சத்தம். ஒரு பழைய பனிவண்டியின் எஞ்சின் தானாக உறுமி, மேலே மேலே போய், பட்டென்று நின்றுபோகிற சத்தம். இதை நான் உங்கள் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்குத் தேத்தண்ணி ஆறிப்போகும் என்று விட்டுவிடுவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் நிலவறையில் அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் பனி கொட்டினால் வெளிச்சம் போய்விடும். மேல்வீட்டில் யாழ்ப்பாணத்து மாமி. சொந்தமில்லை, ஆனால் அவரிடம் டெலிபோனும் இருந்தது, தையல் பக்டரியில் பழகிய பிரெஞ்சும் இருந்தது. அந்த இரண்டுக்காகவே நாங்கள் அவரை மாமி என்று கூப்பிட்டோம் என்று சித்தப்பா பகிடி விடுவார்.

அம்மாவும் அண்ணாவும் திருகோணமலையில். ஏன் நான் வந்தேன், அண்ணா வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த வேறு யாருடையதோ பாஸ்போர்ட்டில் ஒரு தகப்பனும் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு பெடியன் இருந்திருந்தால் இதை இப்போது அவன் சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணாவுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்தது. கரையில் ஆமியும் கடலில் நேவியும் நின்ற அந்த வருஷங்களில் அந்த வயதுப் பெடியன் ஊரில் இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்பா திருகோணமலைக் கரையில் வள்ளங்களின் அவுட்போட் எஞ்சின் திருத்துகிறவர். இங்கே வந்து செயின்ட்-லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஆளைக் குறைத்தார்கள், அப்பாவும் போனார். அப்பாவுக்கு அகதிப் பேப்பர் சரிவந்துவிட்டது, ஆனால் நிரந்தரமான வேலை ஒன்று கையில் இருந்தால்தான் குடும்பத்தை இங்கே எடுப்பிக்கிற ஸ்பொன்சர் கெதியாய் நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். உண்மையா பொய்யா என்று யார் போய்க் கேட்பது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கின சந்து. அதன் முனையில் ஒரு கிழவரின் கார் கராஜ். வெள்ளைக்காரர், பிரெஞ்சு மட்டும் பேசுவார், சிவந்த பெரிய காதுகள். அப்பா அவரை முசியே என்றுதான் சொல்வார். அவரிடம் வேலை செய்தவன் விலகிப் போயிருந்தான். அப்பா மாமியைக் கூட்டிக்கொண்டு போய் வேலை கேட்டார். கிழவர் யோசித்துவிட்டு, கராஜின் பின்பக்க அறையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒரு நீலப் பனிவண்டியைக் காட்டினார். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்கு ரப்பர்ப் பட்டி, சீட்டில் வெள்ளி நிற டேப் ஒட்டு. உறைந்த ஆற்றில் மீன்பிடிக்கப் போக அவர் வைத்திருந்த வண்டி. ஓடும், ஆனால் நிற்கும்போது ஒழுங்காய் உறுமிக்கொண்டு நிற்காது. கையெடுத்தால் ஒன்றில் தானாக வேகம் பிடிக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். ஆறு உருகமுதல் இதைச் சரிப்பண்ணு, உன்னை வேலைக்கு எடுக்கிறேன் என்றாராம். மாமி இதை மொழிபெயர்த்தபோது, "அந்தாள் நல்ல மனுசன், ஆனா கஞ்சன் போலக் கிடக்கு" என்று தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. பெற்றோலும் எண்ணெயும் கலந்து ஓடுகிற எஞ்சின், கயிறு இழுத்து எழுப்புவது, ஒற்றைக் காபரேட்டர். கடலில் ஓடுகிற சாமானைக் கொண்டுவந்து பனியில் போட்டிருக்கிறான்கள் என்றார். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று சித்தப்பாவிடம் சொன்னார். அந்த இரண்டு நாள் மாசிமாதம் முழுக்கப் போனது.

எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் வேலை. வேலை கிடைத்தால் ஸ்பொன்சர். ஸ்பொன்சர் கிடைத்தால் அண்ணா. அப்பா இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே அங்கே போய்விடுவேன். வீட்டில் தனியே இருக்கப் பயம், வேறொன்றுமில்லை. ஒரு டயரின்மேல் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி ஹீட்டரில் காயவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பளி காய்கிற மணமும் பெற்றோல் மணமும் சேர்ந்தால் இன்றைக்கும் நான் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் குளிர் ஒத்துவராது. வெளியே இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது என்பார். ஆகவே சந்துபொந்தெல்லாம் பழந்துணி அடைத்தார். கதவுக்கு மேலே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டார். மின்சார ஹீட்டர் இரண்டு எந்த நேரமும் செக்கச்செவேலென்று எரியும். எஞ்சின் புகை போவதற்கு ஒரு தகரக் குழாயை மாட்டி ஜன்னல் துவாரம் வழியே வெளியே விட்டார். அப்பா உள்ளே வெறும் சேட்டோடு, சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்தார். அவர் முதுகு வேர்த்திருந்தது. ஊரிலிருந்த மாதிரியே இருந்தார், அதனால் எனக்கும் அந்த அறை பிடித்திருந்தது.

முதலில் காபரேட்டரைக் கழற்றினார். உள்ளே பழைய பெற்றோல் பிசினாய்ப் பிடித்திருந்தது. மெல்லிய கம்பி விட்டு ஒவ்வொரு துளையாய்க் குத்தி, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூட்டிக் கயிறை இழுத்தார். எஞ்சின் எழும்பியது. சின்னத் திருகாணியைத் திருப்புளியால் அப்படியும் இப்படியும் தடவினார். சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து ஒரே சீராய் வந்தது. அப்பா தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார். தேத்தண்ணியில் சின்ன நடுக்கம், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "கேட்டியளே மகள், மூச்சு விடுறதை," என்றார்.

கிழவரைக் கூப்பிட்டார். சித்தப்பாவும் அப்பாவுமாய் வண்டியை ஒழுங்கைக்குத் தள்ளினார்கள். கிழவர் ஏறிக் கொஞ்சத் தூரம் போய் நிறுத்தினார். எஞ்சின் நிற்கவில்லை, தானாக ஊளையிட்டு மேலே போனது. கிழவர் பயந்து கையை விலக்கினார். ஊளை ஏறி, இறங்கி, செத்துப்போனது. அவர் அப்பாவைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். வண்டி திரும்ப உள்ளே வந்தது. உள்ளே வந்து கொஞ்ச நேரத்தில் கயிறை இழுத்தால், பழையபடி ஒழுங்காய் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

உள்ளுக்கு நல்ல பிள்ளை, வெளியில் பேய் என்று சித்தப்பா அதற்குப் பேர் வைத்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடற்கரை. அங்கே கொட்டிலுக்குள் இருக்கிற காற்றும் கடலில் இருக்கிற காற்றும் ஒன்றுதான். வாடிக்குள் வைத்துச் சரிப்பண்ணின எஞ்சின் நடுக்கடலிலும் அப்படியே ஓடும். உள்ளே ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் காற்று இருக்கும் என்பது அவர் கனவிலும் வராத விஷயம். சாமானில் பிழை, தன் கையில் பிழை, எங்கேயோ பிழை என்று தேடினார். கதவுக்கு வெளியே தேடவில்லை.

அடுத்தது எண்ணெய். எங்கள் கரையில் பெற்றோலுக்கு எண்ணெயைத் தாராளமாய்த்தான் விடுவார்கள். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் இறுகிப்போய் நடுக்கடலில் விட்டுவிடும் என்ற பயம். கிழவர் கலந்து வைத்திருந்ததைப் பார்த்து, இவன் கஞ்சத்தனத்தில் எஞ்சினைக் கொல்லுகிறான் என்று அப்பா மேலும் மேலும் எண்ணெயை விட்டார். வண்டி நீலமாய்ப் புகைத்தது. பிளக் கறுத்து ஈரமாய்ப் போனது. கழற்றித் துடைத்துப் போட்டார், திரும்பவும் கறுத்தது. எண்ணெய் கூடக் கூடப் பெற்றோல் குறைகிறது என்பதும், ஏற்கனவே பட்டினி கிடந்த எஞ்சினை இன்னும் பட்டினி போடுகிறோம் என்பதும் எனக்கு ஐம்பது வயதில்தான் விளங்கியது. என் மகனின் கூட்டாளி ஒருவன் பனிவண்டி வைத்திருக்கிறான், அவன் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். குளிர்காற்று கனமானது, அதற்குப் பெற்றோல் கூட வேண்டும், வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே வைத்துத்தான் திருகாணியைத் திருப்ப வேண்டும் என்று கொக்கோ கோப்பையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாய்ச் சொன்னான். நான் எழும்பிக் குளியலறைக்குப் போய்விட்டேன்.

கிழவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எப்போது அந்த அறைக்குள் வந்தாலும் கம்பளியை இழுத்துவிட்டு, கதவை அகலமாய்த் திறந்துவைத்துவிட்டு நிற்பார். கையால் வெளியே வெளியே என்று காட்டி எதையோ சொல்வார். குளிர் சுள்ளென்று உள்ளே வரும். அவர் போனதும் அப்பா எழும்பி, கதவைச் சாத்திக் கம்பளியைத் திரும்ப மாட்டுவார். எங்கள் மணம் அந்தாளுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் கதவைத் திறக்கிறான் என்று சித்தப்பா சொன்னார். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கறி கொண்டுபோவதை விட்டுவிட்டார். வெறும் பாணும் சீனியும். மாமியைக் கூட்டிப்போய் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கலாம். ஆனால் உன் மணம் பிடிக்கவில்லை என்பதை மாமியின் வாயால் கேட்க அப்பாவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் எதையெதையெல்லாம் மானம் என்று வைத்திருந்தார்கள் என்று இப்போது நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அம்மா மாதத்தில் ஒருமுறை பட்டணத்துக்கு வந்து ஒரு கடையிலிருந்து டெலிபோன் எடுப்பார். மாமி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு நிலத்தில் தட்டினால் நாங்கள் மேலே ஓடுவோம். அந்த முறை அண்ணாவும் வந்திருந்தான். குரல் உடைந்து வேறு யாரோ பேசுகிறது போல இருந்தது. என்னிடம் பனியைத் தின்னலாமா என்று கேட்டான். தின்னலாம், பல் கூசும் என்றேன். பிறகு அப்பா டெலிபோனை வாங்கினார். அண்ணா கேட்டது டெலிபோனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, எங்களை எப்ப அங்க எடுப்பீங்கள்?"

"ஒரு எஞ்சின் மட்டும் சரிவரட்டும் தம்பி. பேந்து எல்லாம் கெதியா நடக்கும்."

அண்ணா சிரித்தான். கரை முழுக்க எஞ்சின் திருத்தின ஆளை ஒரு எஞ்சின் மடக்கிப்போட்டுதோ என்றான். பிறகு, வீட்டில் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வள்ளத்தில் கூலிக்குப் போகட்டுமா என்று கேட்டான். அப்பா கடுமையாய்ச் சொன்னார்: "கடலுக்குப் போகாத. நான் எடுக்குமட்டும் வீட்டை விட்டு அசையாத." ஓம் என்றான். அத்தோடு லைன் அறுந்துபோனது.

பங்குனி பிறந்து ஆற்றோரத்தில் பனிக்கட்டி கறுக்கத் தொடங்கிய பிறகு, அப்பா இதுதான் கடைசி என்று சொல்லி வண்டியைக் கிழவரிடம் ஒப்படைத்தார். உள்ளே கோப்பை சிந்தாமல் நின்ற வண்டி அது. கிழவர் தன் பிக்கப்பில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனார். நாங்களும் போனோம். வெட்டவெளி, காற்று முகத்தைக் கிழித்தது. கிழவர் தன் மீன்பிடிக் குடிலை நோக்கிப் போனார், ஒரு நீலப் புள்ளியாய்ச் சின்னதாகிக்கொண்டே போனார். குடிலுக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்திருப்பார் போல. ஊளை நாங்கள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கயிறை இழுப்பது தெரிந்தது, இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். அந்தக் காற்றுக்கு எதிரே, எழுபது வயதுக் கிழவர். எங்களுக்குக் கிட்ட வந்தபோது அவருடைய சிவந்த காதுகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

அவர் ஏசவில்லை. அப்பாவின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் தலையை இல்லை என்று ஆட்டினார். ஏசியிருந்தால் அப்பாவுக்குச் சுகமாய் இருந்திருக்கும். மறுநாள் யாரோ கயிறு கட்டி வண்டியை இழுத்துவந்து கராஜ் பின்னறையில் விட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அந்தக் கிழமையே மாமி தும்புத்தடியால் தட்டினார். அது டெலிபோன் வருகிற நாளில்லை. சித்தப்பாதான் மேலே போனார். திரும்பிப் படியிறங்கி வர அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. அண்ணா பக்கத்து வீட்டுக்காரரின் வள்ளத்தில் கடலுக்குப் போயிருக்கிறான். போன மூன்று பேரும் வரவில்லை. வள்ளம் கரையொதுங்கியிருக்கிறது, உடைந்து, சூட்டுத் துளைகளோடு. உடல்கள் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை என்று அந்தக் கடைக்காரர் சொன்னாராம்.

அடுத்த நாள் எங்கள் நிலவறை செத்தவீடாயிற்று. செய்தி எப்படித்தான் பரவியதோ, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்தார்கள். உள்ளே நிற்க இடமில்லை. ஈரக் கோட்டுகள் கட்டிலில் மலையாய்க் குவிந்தன. ஜன்னல் கண்ணாடியில் ஆவி வழிந்தது. ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து, உடம்பு கிடைக்காததால் எப்படிச் செய்வது என்று ஐயரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார். கக்கூசுக்குப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கோட்டுப் போடாமல், சேட்டோடு வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையிலிருந்து கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. பேச்செல்லாம் நின்றது. எஞ்சின் எழும்பி ஊளையிட்டது. மகன் செத்த வீட்டில் மெஷின் திருத்துகிறானே, இவனுக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். தணிந்த குரலில்தான் சொன்னார், ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா எழும்பவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமி என் கையில் அப்பாவின் கோட்டைத் திணித்து, போய்க் குடு பிள்ளை என்றார்.

அப்பா வண்டியைத் தனியாளாய் வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அந்த அறைக்குள் அவரால் நிற்க முடியவில்லை, எந்த அறைக்குள்ளும் முடியவில்லை என்று நினைக்கிறேன். கறுத்த பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போட்டிருந்தார். எண்ணெய்க் கலவையைப் பனியில் கொட்டிவிட்டு, கிழவரின் பெற்றோல் கானிலிருந்து அவர் கலந்து வைத்திருந்ததை ஊற்றியிருந்தார். வெறுங்கையோடு குனிந்து நின்றார். நான் கோட்டை முதுகில் போட்டேன், விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. ஊளை ஏறிக்கொண்டிருந்தது. திருப்புளியை வைத்துச் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினார், மிஞ்சினால் கால் சுற்று. ஊளை இறங்கியது. இறங்கி இறங்கி, சாகாமல், அப்படியே ஒரே சீராய் நின்றது. அக்சிலேட்டரை அழுத்தி விட்டார். எகிறிப் போய்த் திரும்பி அதே மூச்சுக்கு வந்தது. இன்னொருமுறை அழுத்தினார். திரும்பவும் வந்தது.

அப்பா நிமிர்ந்து திறந்து கிடந்த கராஜ் கதவைப் பார்த்தார், பிறகு ஒழுங்கையைப் பார்த்தார். அவருக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கியது. விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து திருப்புளியில் ஒட்டியிருந்தது.

கிழவர் சத்தம் கேட்டு முன்பக்கத்தால் வந்தார். காதில் பஞ்சும் கட்டும். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. வண்டிக்குப் பக்கத்தில் நின்று எஞ்சின் சத்தத்தை நெடுநேரம் கேட்டார். பிறகு உள்ளே போய், மடித்து வைத்திருந்த நீல மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார். லண்டி என்றார். கிழமை நாட்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். திங்கட்கிழமை வரச் சொல்கிறார் என்று நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா மெர்சி, மெர்சி என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் படியிறங்கி வந்தபோது ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் கோட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். அப்பா மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குரல் நன்றாய்த் தெளிவாய் இருந்தது.

"தம்பி, வேலை சரி. திங்கள் துவக்கம். இனி ஸ்பொன்சருக்குக் குடுக்கலாம். பெடியன்ர பேரை முதல்ல போடு, பேந்து தாயின்ர."

சித்தப்பா முதல்நாளிலிருந்து அழுதுகொண்டிருந்தவர். கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம் அண்ணை," என்றார். "நாளைக்கே குடுப்பம்."